தொடங்கத் திணறும் கணினி: அழிக்கும் முன் அளக்க வேண்டியது

தென்சென்னையின் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் ஓடிக்கொண்டிருக்கும் மேசைக் கணினிகளில் கணிசமானவை எந்தப் பெரிய நிறுவனத்தின் முத்திரையும் இல்லாதவை. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் மதர்போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க், கேபினட் என்று தனித்தனியாக வாங்கி, பூட்டிக் கொண்டுவரப்பட்டவை. மயிலாப்பூர் ஆடிட்டர் அலுவலகத்தில் டேலி ஓட்டுவதும், தியாகராய நகர் டிடிபி மையத்தில் பேஜ்மேக்கர் ஓட்டுவதும், அடையாற்று வீட்டில் பிள்ளைகளின் படிப்புக்கும் பெரியவர்களின் மின்கட்டணத்துக்கும் உதவுவதும் இவைதான். பத்து, பன்னிரண்டு வருடம் உழைத்த பெட்டிகளும் இவற்றில் உண்டு. இவற்றைப் பற்றி அடிக்கடி எழும் புகார், சுவிட்சைப் போட்டால் வேலைக்கு வர ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆகிறது என்பது. அதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ‘ஃபார்மட் போட்டுடலாம் சார்’ அல்லது ‘சிஸ்டம் பழசாயிடுச்சு, புதுசா எடுத்துடுங்க.’ இரண்டு பதில்களும் ஒரே கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. அந்தப் பத்து நிமிடமும் எங்கே செலவாகிறது? இதைக் கேட்காமல் செய்யும் எந்தப் பரிகாரமும் குருட்டாம்போக்கானது என்பதும், அவற்றுள் ஃபார்மட் பல நேரங்களில் கோளாறின் தடயத்தையே துடைத்துவிடுகிறது என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

சுவிட்சைத் தட்டியதிலிருந்து வேலை தொடங்கும் வரை கணினி மூன்று கட்டங்களைக் கடக்கிறது. முதல் கட்டம் பயாஸின் பொறுப்பு. ரேம் சரியாக இருக்கிறதா, கீபோர்டு செருகியிருக்கிறதா, எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்க வேண்டும் என்று அது சரிபார்க்கிறது. திரையில் சுழலும் புள்ளிகள் வந்துவிட்டால் இரண்டாம் கட்டம். விண்டோஸின் மையப் பகுதியும் டிரைவர்களும் பின்னணிச் சேவைகளும் டிஸ்க்கிலிருந்து ரேமுக்கு ஏறுகின்றன. கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகு மூன்றாம் கட்டம்; தானாகத் திறந்துகொள்ளும்படி அமைந்த நிரல்கள் வரிசையாக எழுந்து, டெஸ்க்டாப் கைக்கு வருகிறது. கைப்பேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச்சை வைத்து இந்த மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. அப்டேட் ஏறிய நாளின் அளவு தப்பாகக் காட்டும் என்பதால் இரண்டு மூன்று நாள் பார்ப்பது நல்லது. விண்டோஸே இந்தக் கணக்கை எழுதி வைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. விஸ்டா காலத்திலிருந்தே ஈவன்ட் வியூவரில், செயல்திறன் ஆய்வுக்கான பதிவேட்டில், 100 என்ற எண்ணுள்ள குறிப்புகள் ஒவ்வொரு தொடக்கத்துக்கும் ஆன நேரத்தை மில்லிவினாடிக் கணக்கில் சொல்கின்றன. எந்த நிரல் தாமதப்படுத்தியது, எந்த டிரைவர் தாமதப்படுத்தியது என்பதற்கு 101, 102 என்ற எண்களில் தனிக் குறிப்புகள் இருக்கின்றன. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில், புதிய வகை பயாஸ் உள்ள கணினிகளில், முதல் கட்டத்துக்கு ஆன வினாடிகளும் தெரியும். லினக்ஸில் ஒரே கட்டளையில் முழுப் பட்டியலும் வந்துவிடும். ஆக, அளப்பதற்குக் கருவி வாங்க வேண்டியதில்லை, செலவும் இல்லை. இருந்தும் அளக்காமல் விடுகிறோம்.

அளந்து பார்த்தால், பழைய கணினிகளில் நேரம் பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் கட்டங்களில்தான் கரைகிறது. அதற்குக் காரணம் சுழலும் ஹார்ட் டிஸ்க். இது கணக்கே போட்டுப் பார்த்துவிடக்கூடிய விஷயம். மேசைக் கணினியில் வழக்கமாக இருக்கும் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. வேண்டிய தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிவினாடிக்குச் சற்று மேல். அதற்கு முன்பு, இசைத்தட்டின் ஊசிக் கை போல, டிஸ்க்கின் கை சரியான தடத்துக்கு நகர இன்னும் 8 அல்லது 9 மில்லிவினாடி. ஒரு சிறு கோப்பைத் தேடி எடுக்கச் சுமார் 12 மில்லிவினாடி என்றால், ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 80 தேடல்கள்தான் சாத்தியம். கணினி தொடங்கும்போது டிஸ்க்கிலிருந்து வாங்குவது ஒரு பெரிய கோப்பை அல்ல. இங்குமங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை அது தேடி எடுக்கிறது. பத்தாயிரம் தேடல்கள் என்று வைத்துக்கொண்டால் இரண்டு நிமிடத்துக்கு மேல் வெறும் தேடலிலேயே போய்விடும். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் கிடையாது, நகரும் கையும் கிடையாது. ஒரு தேடலுக்குச் சுமார் பத்தில் ஒரு மில்லிவினாடி. அதே பத்தாயிரம் தேடல்களும் ஒரு வினாடியில் முடிகின்றன. அடிக்கடி வேண்டியவற்றை முன்கூட்டியே வரிசைப்படுத்தி எடுக்கும் உத்தி விண்டோஸில் இருப்பதால் நடைமுறையில் இடைவெளி இவ்வளவு கொடூரமாக இருக்காது. ஆனாலும் திசை இதுதான்.

கடைக்காரர் காட்டும் எண்ணை நம்பி வாங்குபவர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு 550 மெகாபைட் வரை போகும். என்விஎம்இ வகை 3,500 மெகாபைட்டும் அதற்கு மேலும் போகும். ஆறு மடங்கு வேகம் என்று கேட்டதும் கூடுதல் பணம் கொடுக்கத் தோன்றும். ஆனால் கணினி தொடங்கும் நேரத்தைத் தீர்மானிப்பது தேடல் நேரம். அதில் இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சில வினாடிகளுக்குள் அடங்கிவிடும். 2011 வாக்கில் வந்த எச்61 மதர்போர்டுகள் நம் ஊரில் ஏராளமாக விற்றன. அவற்றின் சாட்டா இணைப்பு பழைய தலைமுறையைச் சேர்ந்தது. புதிய எஸ்எஸ்டியின் முழு வேகத்தில் பாதியைத்தான் தரும். ‘உங்க போர்டுக்கு எஸ்எஸ்டி போட்டாலும் பிரயோஜனம் இல்லை’ என்று அதைக் காரணம் காட்டிச் சொல்வது தவறு. பாதி வேகத்திலும் தேடல் நேரம் அப்படியே குறைந்துதான் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் பெரிய பாய்ச்சல். அதற்குப் பிறகு வருபவை எல்லாம் சிறு படிகள்.

அப்படியானால் அளப்பானேன், எல்லோரும் ஒரு எஸ்எஸ்டியை வாங்கி மாட்டிவிட்டால் போகிறதே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பத்தில் பல கணினிகளுக்கு அந்தப் பதிலே சரியாகவும் இருந்துவிடலாம். ஆனால் டிஸ்க் திணறுவதாகத் தெரிவதற்கு டிஸ்க்கே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ரேம் 2 ஜிபியோ 4 ஜிபியோ மட்டும் இருந்து, அது நிரம்பி வழிந்தால், விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதம் என்று சிவந்து நிற்கும். பக்கத்து வரிசையில் நினைவகமும் தொண்ணூறைத் தாண்டியிருந்தால் குற்றவாளி ரேம் பற்றாக்குறைதான். அங்கே எஸ்எஸ்டி போட்டால் வலி குறையும், காரணம் இருந்துகொண்டே இருக்கும். நேரம் பயாஸ் கட்டத்தில் போனால் எஸ்எஸ்டி பெரிதாக எதையும் மிச்சப்படுத்தாது. பாகங்களின் விலையும் நிலையானது அல்ல. 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து டிஸ்க் ஆலைகள் மூழ்கியபோது ஹார்ட் டிஸ்க் விலை உலகமெங்கும் ஏறியது. 2025இன் கடைசியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் ரேம் விலை ஏறியது. தேவையில்லாத பாகத்தை வாங்கும் தவறு இப்போது இன்னும் விலை கூடியது.

அளக்கச் சொல்வதற்கு இவற்றைவிட முக்கியமான காரணம் வேறு. தொடக்கம் திடீரென்று மெதுவாவது, டிஸ்க் சாகப்போகிறது என்பதன் அறிகுறியாக இருக்கக்கூடும். வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாவது ஒன்று. போன மாதம் வரை இரண்டு நிமிடத்தில் வந்த கணினி இந்த மாதம் எட்டு நிமிடம் எடுப்பது வேறு. ஒரு துண்டைப் படிக்க முடியாதபோது டிஸ்க் உடனே கைவிரிப்பதில்லை. மீண்டும் மீண்டும் முயல்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் சில வினாடிகள் அப்படியே போகின்றன. டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் ஸ்மார்ட் என்ற சுயகண்காணிப்பு, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் துண்டுகளையும், மாற்றிடத்துக்குக் கொண்டுபோன துண்டுகளையும் எண்ணி வைக்கிறது. 2007இல் கூகுளின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ ஆகிய மூவரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இன்றும் படிக்கத் தக்கது. மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தோன்றிய டிஸ்க், பிழையே இல்லாத டிஸ்க்கைவிட, அடுத்த அறுபது நாளில் செயலிழக்க 39 மடங்கு வாய்ப்பு உண்டு என்று அவர்கள் கண்டார்கள். அதே ஆய்வின் இன்னொரு பகுதி எதிர்த்திசையில் எச்சரிக்கிறது. செயலிழந்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, ஸ்மார்ட்டின் முக்கியமான நான்கு அளவுகளிலும் எந்த அடையாளமும் காட்டாமலே போயின. அறிக்கை சுத்தமாக இருப்பதே உத்தரவாதம் ஆகாது. எனவே பயனர் தன் கண்ணால் பார்க்கும் அந்தத் தாமதமும் ஒரு சாட்சியம். அதை அலட்சியம் செய்வதற்கில்லை.

இப்போது ஃபார்மட்டுக்கு வருவோம். ஃபார்மட் போட்டால் கணினி வேகமாகிறது என்பது பொய்யல்ல. அதனால்தான் இந்தப் பழக்கம் இவ்வளவு வேரூன்றியிருக்கிறது. வருடக்கணக்கில் சேர்ந்த ஸ்டார்ட்அப் நிரல்கள் ஒரேயடியாகப் போய்விடுகின்றன. சிதறிக் கிடந்த கோப்புகள் புதிதாக அடுத்தடுத்து எழுதப்படுகின்றன. வைரஸ் இருந்திருந்தால் பெரும்பாலும் அதுவும் தொலைகிறது. ஆனால் இவை எல்லாவற்றையும் ஃபார்மட் இல்லாமலும் செய்யலாம்; ஃபார்மட்டால் மட்டுமே விளைகிற தீங்கு ஒன்றும் இருக்கிறது. படிக்க முடியாத துண்டின் மேல் புதிதாக எழுதும்போது டிஸ்க் அந்தத் துண்டைச் சோதித்து, தேறினால் வைத்துக்கொள்கிறது, தேறாவிட்டால் மாற்றிடம் கொடுக்கிறது. இரண்டு வழியிலும் நிலுவைக் கணக்கிலிருந்து அது நீங்கிவிடுகிறது. பிழையைக் குறித்து வைத்திருந்த விண்டோஸின் பழைய பதிவேடும் அழிந்துவிடுகிறது. சாகும் டிஸ்க்கின் மேல் புதிய விண்டோஸ் உட்கார்ந்து, சில மாதம் ஜோராக ஓடுகிறது. உரிமையாளர் கோளாறு தீர்ந்தது என்று நம்பி, நகல் எடுத்து வைக்காமல் இருந்துவிடுகிறார். அடுத்த முறை கணினி மெதுவாகத் தொடங்கும் நாளிலோ, தொடங்கவே மறுக்கும் நாளிலோ, காப்பாற்றுவதற்கு நேரம் இருக்காது. படிப்பதில் பிழை என்று தெரிந்த டிஸ்க்கில் முதலில் செய்ய வேண்டியது வேண்டிய கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுப்பதுதான். டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் அலசும் சரிபார்ப்புக் கட்டளையைக்கூட அதற்குப் பிறகுதான் ஓட விட வேண்டும். மிச்சமிருக்கும் உயிரையும் அந்த அலசலே வாங்கிவிடலாம்.

டிடிபி மையங்களில் ஃபார்மட்டின் விலை இன்னும் கடுமை, அது தமிழுக்கு நேரும் இழப்பும்கூட. யூனிகோட் பரவுவதற்கு முன்பு ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குறியீட்டை வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளைத் தரப்படுத்தியது. 2010இல் யூனிகோடையும் டேஸ் 16ஐயும் ஏற்றது. ஆனால் அச்சுத் தொழில் பேஜ்மேக்கரிலேயே வேரூன்றிவிட்டது. 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு வளர்ச்சி நின்றுபோன அந்த மென்பொருளுக்கு யூனிகோட் தமிழ் புரியாது. அதனால் பாமினி முதல் பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான எழுத்துருக்கள் வரை இந்தக் கணினிகளில் குவிந்து கிடக்கின்றன. ஒரு வாடிக்கையாளர் இருபது வருடம் முன்பு அடித்த புத்தகத்தைத் திருத்திக் கொண்டுவந்தால் அதற்குரிய எழுத்துரு இருந்தாக வேண்டும். எழுத்துருக் குவியல் தொடக்கத்தைத் தாமதப்படுத்தக்கூடும்; பேஜ்மேக்கர் திறப்பதையும் இழுத்துக்கொண்டே போகும். ஃபார்மட் போட்டதும் கணினி பறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வேகத்தோடு எழுத்துருக்களும் போய்விட்டால், பழைய கோப்புகள் கையில் இருந்தும் வெறும் கிறுக்கல்களாகத்தான் தெரியும். எந்தக் குறியீட்டில் அடித்தது என்று நினைவிருப்பவர் கிடைத்தால் மீட்கலாம், கிடைக்காவிட்டால் போனது போனதுதான். சரியான வழி வேறு. எழுத்துருக் கோப்புகள் அனைத்தையும் ஒரு தனி ஃபோல்டருக்கு நகலெடுத்து, வெளி டிஸ்க்கிலும் ஒரு பிரதி வைத்துவிட்டு, அன்றாடம் வேண்டியவற்றை மட்டும் விண்டோஸில் நிறுவி வைப்பது. மற்றவற்றைத் தேவைப்படும்போது நிறுவிக்கொள்வது. அரை நாள் வேலை இது. சிறு பத்திரிகைகள், கோயில் மலர்கள், குடும்ப வரலாறுகள், சங்கங்களின் ஆண்டறிக்கைகள் என்று இந்த மையங்களின் டிஸ்க்குகளில் இருப்பவற்றுக்குப் பல நேரங்களில் வேறு மின்பிரதியே கிடையாது.

ஆடிட்டர் அலுவலகங்களின் கதை வேறு மாதிரி. அங்கே நேரம் போவது மூன்றாம் கட்டத்தில். டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கன் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கண்காணிப்பு நிரலைக் கொண்டுவருகிறது. இரண்டு மூன்று கம்பெனிகளின் டோக்கன்களைப் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நிரல்கள். பிரின்டருக்கு ஒன்று, ஸ்கேனருக்கு ஒன்று, கிளவுட் சேமிப்புக்கு ஒன்று, வாட்ஸ்அப்புக்கு ஒன்று. பழைய ஆன்டிவைரஸை நீக்காமலே புதியது ஏற்றியிருந்தால் இரண்டும் ஒவ்வொரு கோப்பையும் போட்டி போட்டுச் சோதிக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றை டாஸ்க் மேனேஜரிலேயே நிறுத்தி வைக்கலாம். வேண்டும்போது கையால் திறந்துகொள்ளலாம். யாரும் சந்தேகிக்காத இன்னொரு காரணமும் இத்தகைய அலுவலகங்களில் இருக்கிறது. டேலி டேட்டாவை ஒரு கணினியில் வைத்து, மற்றவற்றில் அதை நெட்வொர்க் டிரைவாக இணைத்திருப்பார்கள். காலையில் அந்த முதன்மைக் கணினியை இயக்குவதற்கு முன்பே மற்றவற்றை இயக்கினால், ஒவ்வொன்றும் கிடைக்காத டிரைவைத் தேடிக் காத்துக்கிடக்கும். இதற்குத் தீர்வு, முதன்மைக் கணினியை முதலில் இயக்குவது. ஒரு ரூபாய் செலவில்லை. இங்கே ஃபார்மட் போட்டிருந்தால் டோக்கன் டிரைவர்கள், பிரின்டர் அமைப்பு, டேலி உரிமம் எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற ஒரு வேலை நாள் போயிருக்கும். மறுநாள் காலை அந்தக் காத்திருப்பு அப்படியே திரும்பியிருக்கும்.

முதல் கட்டத்தில் நேரம் போகிற கணினிகள் எண்ணிக்கையில் குறைவு. காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிது என்பதால் அவற்றைத் தனியே சொல்ல வேண்டும். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் சிமாஸ் பேட்டரி தீர்ந்துபோனால், கணினி தேதியை மறந்து, ஒவ்வொரு நாளும் எஃப்1 பட்டனை அழுத்தச் சொல்லி நிற்கும். அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்புவதால் பயாஸ் முதலில் நெட்வொர்க்கில் தொடங்கப் பார்த்து, பதில் வராமல், பிறகுதான் டிஸ்க்குக்கு வரவும் கூடும். செருகியபடியே விட்ட பென் டிரைவ், வெளி டிஸ்க், பிரின்டரில் உள்ள கார்டு ரீடர் ஆகியவையும் பயாஸைத் தடுமாற வைக்கும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு முறை இயக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். கடற்கரையை ஒட்டிய சாந்தோம், பெசன்ட் நகர்ப் பகுதிகளில் உப்புக் காற்றும் ஈரமும் ரேமின் தொடர்பு முனைகளையும் சாட்டா கேபிளின் முனைகளையும் மங்கச் செய்கின்றன. ரேமைக் கழற்றி முனைகளை ரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டுவது மெக்கானிக்குகள் பல காலமாகச் செய்துவரும் வேலைதான். டிஸ்க்கை மூட்டை கட்டி வைக்கும் முன் கேபிளையும் பார்க்க வேண்டும். தகவல் பரிமாற்றப் பிழைக்கென்று ஸ்மார்ட்டில் தனி எண்ணிக்கை உண்டு. அது மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கோளாறு டிஸ்க்கில் இல்லை, கேபிளில் இருக்கிறது. நல்ல டிஸ்க்கைத் தூக்கிப்போடாமல் காப்பாற்றுவதற்கு அந்த ஓர் எண் போதும்.

மின்சாரத்தையும் விட்டுவிட முடியாது. யுபிஎஸ் பேட்டரி செத்துப்போய், மின்வெட்டு வந்ததும் கணினி பட்டென்று அணைந்தால், எழுதிக்கொண்டிருந்த கோப்புகள் சிதைந்து, அடுத்த தொடக்கத்தில் டிஸ்க் சரிபார்ப்பு ஓடும். கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் கபாசிட்டர் உப்பியிருந்தால் முதல் தட்டில் கணினி எழாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பகுதிகளில் தரைத்தளங்கள் மூழ்கின. நனைந்து காயவைத்து மீண்டும் ஓட்டிய பாகங்களில் அரிப்பு வருடக்கணக்கில் உள்ளுக்குள் நடக்கும். பழைய பாகங்களைக் கைமாற்றில் வாங்குபவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கணினியை அணைக்காமலே விட்டுவிட்டால் தொடக்கப் பிரச்சினையே இல்லையே என்பது அடுத்த ஆட்சேபம். உறக்க நிலையில் வைப்பது நல்ல வழிதான், யுபிஎஸ் சரியாக இருந்தால். விண்டோஸ் 8 முதல் வந்த விரைவுத் தொடக்க வசதியும் இதே திசையில் போவது. அணைக்கும்போது விண்டோஸின் மையப் பகுதியை அப்படியே ஒரே கோப்பாக டிஸ்க்கில் எழுதி வைத்து, மறுநாள் அதைத் தொடர்ச்சியாகப் படித்துவிடுகிறது. சிதறிய தேடல்களுக்குப் பதில் ஒரே தொடர் வாசிப்பு என்பதால்தான் ஹார்ட் டிஸ்க்கிலும் அது பலன் தருகிறது. ஆனால் இதன் விளைவாக அணைத்தல் என்பது முழு அணைப்பாக இருப்பதில்லை. டிரைவர் கோளாறுகள் மறுநாளும் அப்படியே தொடரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே முழுத் தொடக்கம் நடக்கிறது. அணைத்து இயக்கும்போது ஒரு நிமிடம், ரீஸ்டார்ட்டில் ஆறு நிமிடம் என்றால், டிஸ்க்கோ டிரைவரோ திணறுகிறது என்பதை விரைவுத் தொடக்கம் மறைத்து வைத்திருக்கிறது என்று பொருள். ஆகவே இந்த வசதியைப் பயன்படுத்தலாம். கோளாறு தேடும் நாளில் மட்டும் அதை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும்.

கடைசி ஆட்சேபம் கனமானது. பத்து வருடப் பெட்டிக்கு இவ்வளவு பாடுபடுவானேன். விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது, விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, ஆக எச்61 போர்டுகளின் காலம் முடிந்துவிட்டது என்பது வாதம். பாதுகாப்பு அப்டேட் இல்லாத கணினியில் வங்கிக் கணக்கையும் வரித் தாக்கலையும் செய்வது ஆபத்து என்பதை முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். தனிநபர்களுக்கான நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். டோக்கனும் டேலியும் இன்றியமையாத அலுவலகம் புதிய கணினிக்குத் திட்டமிட்டே ஆக வேண்டும். ஆனால் இது பாதுகாப்பு பற்றிய வாதம், வேகம் பற்றியது அல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ‘மெதுவாக இருக்கிறது, எனவே செத்துவிட்டது’ என்ற தீர்ப்பு வருகிறது. செயலி அப்படியே இருக்கிறது. பத்து வருடம் முன்பு எத்தனை கணக்கு போட்டதோ இன்றும் அத்தனை போடும். மாறியது அதன் மேல் ஏற்றப்படும் சுமை. வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மெதுவாகிறது என்று கணினி அறிஞர் நிக்லவுஸ் விர்த் 1995லேயே எச்சரித்தார். தட்டச்சும் இணையமும் படிப்பும் போதும் என்ற வீடுகளுக்கு லினக்ஸ் ஒரு கண்ணியமான வழி. தரமணி டைடல் பார்க்கில் இயங்கும் சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இலிருந்து இருக்கிறது. தமிழை நன்றாகக் கையாள்கிறது. தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்து அதுவும் தரப்பட்டது. பேஜ்மேக்கர் மட்டும் ஓட்டும் டிடிபி கணினியை இணையத்திலிருந்து துண்டித்து வைத்தால் அதன் வேலை தொடரலாம். 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம்தான் என்று ஐநா அமைப்புகளின் 2024 அறிக்கை சொல்கிறது. ஒரு கேபிளோ பேட்டரியோ காரணமாக ஒரு பெட்டியை அந்தக் குவியலில் சேர்ப்பதற்கு நியாயம் இல்லை.

இத்தனைக்கும் பிறகு ஏன் அளப்பதில்லை என்றால், என் கணிப்பில் காரணம் கூலி. ஃபார்மட்டுக்கு ஒரு ரேட் இருக்கிறது, எஸ்எஸ்டி மாட்ட ஒரு ரேட் இருக்கிறது; காரணம் கண்டுபிடிப்பதற்கு ரேட் இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதிவேடுகளைப் படித்து, ‘கேபிள்தான் சார் போயிருக்கு’ என்று சொல்லும் மெக்கானிக்குக்கு நாம் கேபிளின் விலையை மட்டும் கொடுத்து அனுப்புகிறோம். அதே மணி நேரத்தில் ஃபார்மட் போட்டிருந்தால் முழுக் கூலி. திறமை இல்லாததால் அவர்கள் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்வது அநியாயம். நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோமோ அதைச் செய்கிறார்கள். தெரிந்த நல்ல மெக்கானிக் இருந்தால் ‘முதலில் பார்த்துச் சொல்லுங்கள், அதற்கே தனியாகத் தருகிறேன்’ என்று பேசிக்கொள்ளுங்கள். மூன்று கட்டங்களுக்கும் ஆன நேரத்தையும், டிஸ்க்கின் நிலையையும், எதை மாற்றினார் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அவர் வருவதற்கு முன்பே முக்கியமான கோப்புகளையும் எழுத்துருக்களையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். ஃபார்மட் என்ற பேச்சு எழுந்தால் ஸ்மார்ட் அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்க்கும் வரை சம்மதம் கொடுக்காதீர்கள்.